"பரிந்துரை" என்றால் செய்யாமல் விடலாமா? விமானத்தில் எது கட்டாயச் சோதனை என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அம்பத்தூர் லேத் கேட்டது:

வணக்கம். விமானத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் வருடத்துக்கு இரண்டு முறை டிக்கெட் எடுப்பதோடு சரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2025 நவம்பர் 29 அன்று மாமனாரை அழைத்துக்கொண்டு புனே போக வேண்டியிருந்தது, ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில் ஏதோ சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லி முந்தின நாள் உத்தரவு வந்ததாம், அதை முடிக்காமல் எடுக்க முடியாதாம். மாமனார் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "நேத்து வரைக்கும் இதே வண்டிதானே பறந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா என்ன கெட்டுப்போச்சு" என்று எனக்கும் பக்கத்து சீட்காரருக்கும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தின் முதற்கட்ட அறிக்கையை போனில் படித்தேன், 2025 ஜூலையில் வந்தது. அதில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். எரிபொருள் சுவிட்சுகளின் பூட்டு சரியாக விழாமல் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2018 டிசம்பரிலேயே ஒரு அறிவிப்பு விட்டிருக்கிறது. நிறுவனம் அந்தச் சோதனையைச் செய்யவில்லை, ஏனென்றால் அது ஆலோசனைதான், கட்டாயம் இல்லை என்று எழுதியிருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். ஒரு பக்கம் ஒரே ராத்திரியில் உலகத்தையே நிறுத்துகிறார்கள், இன்னொரு பக்கம் ஏழு வருடம் "முடிந்தால் பாருங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். எது எந்தக் கூடையில் விழும் என்று யார் முடிவு பண்ணுவது? அப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டை நாள் ஆகிவிட்டது என்று தூக்கிப்போடுகிறார்களாமே, அது நிஜமாகவே தேவையா, இல்லை கம்பெனிக்காரன் வியாபாரமா?

—

ஹேங்கர் பெரியவர்:

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியர், பெரும்பாலும் மீனம்பாக்கத்தில் ராத்திரி ஷிஃப்ட். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகைக் காகிதம் உண்டு. விமானத்தையோ என்ஜினையோ செய்தவன் அனுப்புவது சர்வீஸ் புல்லட்டின், நாங்கள் எஸ்பி என்போம். "இந்த இடத்தைப் பார், இந்த பார்ட்டை மாற்று" என்று அதில் இருக்கும், ஆனால் அது தயாரிப்பாளர் வாக்கு, சட்டம் இல்லை. இரண்டாவது ஏடி, ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ். இதை அரசாங்க அமைப்புதான் போடும். போயிங்குக்கு எஃப்ஏஏ, ஏர்பஸ், ஏடிஆருக்கு ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ. எந்த நாட்டில் வடிவமைத்தார்களோ அந்த நாட்டு ஏடியை நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இங்கேயும் கட்டாயமாக்கிவிடும். ஏடியில் கெடு எழுதியிருக்கும், அடுத்த முறை பறப்பதற்கு முன், இத்தனை நாளில், இத்தனை மணி நேரத்துக்குள் என்று. கெடு தாண்டிப் பறந்தால் அந்த விமானம் பறக்கத் தகுதியில்லாதது, அவ்வளவுதான். அமெரிக்கச் சட்டத்தில் அப்படிப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் தனித்தனிக் குற்றம்.

மூன்றாவதுதான் நீங்கள் படித்தது, எஸ்ஏஐபி. அரசாங்க அமைப்பே விடுகிற அறிவிப்பு, ஆனால் வெறும் தகவல். "இது ஆபத்தான நிலைமை, சரி செய்யாவிட்டால் விபத்து வரும்" என்று அவர்களே முடிவு செய்தால்தான் ஏடி. அந்த அளவுக்கு இல்லை என்று நினைத்தால் எஸ்ஏஐபி. 2018ல் சில 737 விமானங்களில் அந்த சுவிட்ச் பூட்டு வேலை செய்யாத நிலையில் பொருத்தியிருந்தது என்று புகார் வந்தது, எஃப்ஏஏ அதை இந்த மூன்றாவது கூடையில் போட்டது. சட்டப்படி பார்த்தால் செய்யாதது தப்பு இல்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பூட்டுதான் அகமதாபாத் விபத்துக்குக் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஆனால் அறிக்கை வந்த இரண்டாம் நாளே, ஜூலை 14, அந்தப் பூட்டுகளை ஜூலை 21க்குள் சோதித்து முடி என்று டிஜிசிஏ உத்தரவு போட்டது. ஏர் இந்தியா தன்னிடம் இருந்த 787, 737 எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் கோளாறு இல்லை என்று அறிவித்தது. ஏழு வருடமாக விருப்பம்போல் செய்யலாம் என்றிருந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. இழுத்துப் பார்த்தால் தெரியும் சோதனைதான் அது, தூக்காமல் சுவிட்ச் தானாக நகர்கிறதா என்று. என்னைக் கேட்டால் அதை 2018லேயே ஏடி ஆக்கியிருக்கலாம், செலவே கிடையாது.

உங்கள் நாலு மணி நேரம் வேறு ரகம். அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனில் இருந்து நெவார்க் போன ஒரு ஏ320, விமானி ஒன்றும் செய்யாமலே திடீரென்று மூக்கைக் கீழே இறக்கியது, பயணிகளுக்கு அடி, டாம்பாவில் இறக்கினார்கள். சூரியனில் இருந்து வரும் கடும் கதிர்வீச்சு எலாக் என்ற கம்ப்யூட்டரின் கணக்கைக் கலைத்துவிட முடியும் என்று ஏர்பஸ் சொன்னது. ஆறாயிரம் விமானம் வரை பாதிப்பு, பெரும்பாலானவற்றில் பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பினால் போதும், சிலவற்றில் பெட்டியையே மாற்ற வேண்டும். எலாக் கையில் இருப்பது மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரானும். அது தப்பாகச் சொன்னால் விமானம் தப்பாகத் திரும்பும். அதனால் நேராக எமர்ஜென்சி ஏடி. மாமனாரிடம் சொல்லுங்கள், நேற்று வண்டி நன்றாக இருந்ததாக நினைத்தோம், அவ்வளவுதான்.

—

செஸ்னா மாணவி:

பெரியவர் சொன்னதோடு குட்டி விமானத்துக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் ஃப்ளையிங் கிளப்பில் செஸ்னா 172 ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஏடி என்றால் பெரிய என்ஜின், டர்பைன் என்று நினைத்திருந்தேன், எனக்குத் தெரிந்து எங்கள் விமானத்தில் பிரபலமான ஏடி விமானி உட்காரும் சீட்டுக்கு.

சீட் இரண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாக ஓட்டைகள், சீட்டில் இருந்து ஒரு பின் வந்து ஓட்டையில் விழுந்தால் பூட்டு. வருடக்கணக்கில் பின் உரசி உரசி வட்ட ஓட்டை நீள்வட்டமாகிவிடும். தரையில் ஒன்றும் தெரியாது. டேக் ஆஃபில் மூக்கு மேலே போகும்போது பின் நழுவினால் சீட் அப்படியே பின்னால் ஓடும், கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவோம், மூக்கு இன்னும் மேலே போகும், பெடலுக்குக் கால் எட்டாது. 1987ல் வந்த ஏடி, 2011ல் புதுப்பித்தார்கள், இன்னும் ஓட்டைகளை அளக்கிறார்கள், தேய்ந்தால் தண்டவாளத்தையே மாற்ற வேண்டும்.

முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் பெல்ட் போடச் சொல்வதற்கு முன்னால், குனிந்து விரலை விட்டு அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் விளிம்பு கூர்மையாக இருந்தது, அடுத்ததில் வழவழவென்று ஒரு பக்கம் சரிந்திருந்தது. "அளவுக்குள்தான் இருக்கு, ஆனா நீ இந்த ஓட்டையில பூட்டாதே, ஒண்ணு முன்னால தள்ளிக்கோ" என்றார். இன்றைக்கும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சீட்டை இரண்டு தடவை பின்னால் உந்திப் பார்க்காமல் எனக்கு ஓடாது.

—

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, காசு பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. கட்டாயம் என்கிற வார்த்தையும் ரப்பர்தான். 2019 நவம்பர் 1 அன்று டிஜிசிஏ இண்டிகோவுக்கு ஓர் உத்தரவு போட்டது, 97 ஏ320 நியோவிலும் உள்ள பிராட் அண்ட் விட்னி என்ஜின்களை ஜனவரி 31க்குள் மாற்று என்று. லோ பிரஷர் டர்பைனில் பிளேடுகள் நடுவானில் உடைந்துகொண்டிருந்தன. ஜனவரி வந்ததும் கெடு மே 31 ஆனது, அப்புறம் மறுபடியும் தள்ளியது. உயிர் பிரச்சினை என்றால் எப்படித் தள்ள முடியும்? தள்ள முடியும் என்றால் முதலில் ஏன் ஜனவரி?

அமெரிக்காக்காரனும் யோக்கியன் இல்லை. 2016 ஆகஸ்டில் சவுத்வெஸ்ட் 737 ஒன்றில் சிஎஃப்எம்56 என்ஜினின் ஃபேன் பிளேடு ஒன்று அடியோடு உடைந்தது. பிளேடுகளை அல்ட்ராசோனிக்கில் சோதிக்க வேண்டும் என்று எஃப்ஏஏ 2017 ஆகஸ்டில் ஒரு வரைவு ஏடி போட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. செலவு அதிகம், பிளேடுகளின் கணக்கு எடுக்கவே நாள் ஆகும் என்று விமான நிறுவனங்கள் எழுதின. வரைவு வரைவாகவே இருந்தது. 2018 ஏப்ரல் 17, அதே நிறுவனம், அதே ரக என்ஜின், அதே மாதிரி பிளேடு, ஜன்னல் உடைந்து ஒரு பெண்மணி இறந்தார். மூன்றே நாளில், ஏப்ரல் 20, எமர்ஜென்சி ஏடி: 30,000 சைக்கிள் (30,000 முறை ஏறி இறங்கியது) தாண்டிய என்ஜின்களின் பிளேடுகளை 20 நாளில் சோதி. எட்டு மாதம் முடியாதது மூன்று நாளில் எப்படி முடிந்தது?

பிணம் விழுந்தால்தான் பரிந்துரை கட்டாயமாகும். லேத்காரர் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

—

ஹேங்கர் பெரியவர்:

கணக்குப்பிள்ளை சொன்ன தேதிகள் சரி, கோபமும் நியாயம்தான், முடிவுதான் பாதி. கெடுவைத் தள்ளுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் மாற்ற வேண்டிய பொருள் உலகத்திலேயே இல்லை என்றால், எல்லாவற்றையும் நிறுத்துவது அல்லது பார்த்துப் பார்த்து ஓட்டுவது, இரண்டே வழி. நிறுத்தினால் போதும் என்று எனக்குள்ளே இருக்கும் மெக்கானிக் சொல்வான், டிக்கெட் எடுத்தவர்கள் விடமாட்டார்கள்.

"எல்லாவற்றையும் கட்டாயமாக்கு" என்பதும் சரிப்படாது. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் தப்பாக மூட ஒரு வாய்ப்பு. 2024 ஜனவரி 5, போர்ட்லாண்டில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9ல் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் ரிவெட்டுகளைச் சரி செய்வதற்காக பேக்டரியில் அதைத் திறந்திருக்கிறார்கள், மூடும்போது நான்கு போல்ட்டையும் போடவில்லை. மறுநாளே எமர்ஜென்சி ஏடி, 171 விமானங்கள் தரையில்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி, நன்றாக ஓடும் பார்ட்டை ஏன் மாற்றுவது. உங்களுக்கு லேத் தெரியும் என்பதால் ஒரு ஸ்க்ரூ கதை சொல்கிறேன். இதை நான் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எம்டி-83 என்று ஒரு விமானம். அதன் வாலில் இருக்கும் ஸ்டெபிலைசரை, அதாவது வாலின் கிடை இறக்கையை, மேலே கீழே நகர்த்துவது ஒரு ஜாக் ஸ்க்ரூ. ஆக்மி திரெட், ஸ்டீல் ஸ்க்ரூ, அலுமினியம் பிரான்ஸ் நட். உங்கள் லேத்தில் கிராஸ் ஸ்லைடை நகர்த்தும் அதே சமாச்சாரம், பெரிய சைஸில். நட்டுதான் மென்மையான உலோகம், அதனால் அதுதான் தேயும், தேயத்தான் செய்திருக்கிறார்கள். ப்ளே, அதாவது தேய்ந்து ஆடும் இடைவெளி, எவ்வளவு என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போது 3ல் இருந்து 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உச்ச வரம்பு 40 தவ். அதாவது ஒரு மில்லிமீட்டர், ஒரு மயிரிழை அதிகம்.

1997 செப்டம்பர் கடைசி, ஓக்லாண்ட் ஹேங்கர். சி செக் என்ற பெரிய பராமரிப்புச் சோதனைக்கு வந்த ஒரு விமானத்தில் மெக்கானிக் அளந்தார், 40 தவ். வரம்பைத் தாண்டவில்லை, வரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஷிஃப்ட்டில் "நட்டை மாற்று" என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வேறு ஷிஃப்ட் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி அளந்தது. 33 தவ் வந்தது. திரும்பத் திரும்ப அளந்தார்கள், 33தான். சரி, அளவுக்குள் இருக்கிறது, நட்டை மாற்ற வேண்டாம், அனுப்பு.

எது சரியான அளவு என்று இன்றுவரை சண்டை போடலாம். அளப்பதற்குப் பயன்படுத்திய பிடிமானத்தையே அந்த நிறுவனம் சொந்தமாகச் செய்து வைத்திருந்தது, தயாரிப்பாளர் வரைபடப்படி அது இல்லை. உங்களுக்குத் தெரியும் தம்பி, டயல் கேஜ் தள்ளாடினால் எந்த எண் வேண்டுமானாலும் வரும். அதைவிட மோசம், கிரீஸ் போடும் இடைவெளியையும் ப்ளே பார்க்கும் இடைவெளியையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போயிருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் முறையாக அனுமதி வாங்கித்தான். அடுத்து ப்ளே பார்க்க வேண்டியது 30 மாதம் கழித்து.

28 மாதம் தாங்கியது. 2000 ஜனவரி 31, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, கலிபோர்னியா கடலில் விழுந்தது. 88 பேர், ஒருவர் மிச்சமில்லை. ஸ்க்ரூவைக் கடலில் இருந்து எடுத்தபோது நட்டின் திரெட் எல்லாம் சுருள் சுருளாக ஸ்க்ரூவைச் சுற்றிக்கொண்டிருந்தது, லேத்தில் டர்னிங் போட்டால் சுருள் வருமே, அது மாதிரி. வேலை செய்யும் இடத்தில் கிரீஸ் இல்லை. அப்புறம் ஏடி வந்தது, 650 மணிக்கு ஒரு முறை கிரீஸ், 2,000 மணிக்கு ஒரு முறை ப்ளே.

அந்த நட்டை முந்தின நாள் யார் பார்த்திருந்தாலும் "நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சிலவற்றில் அளக்கவே வழி இல்லை, ஆயுளைக் கணக்குப் போட்டு மாற்றிவிடுவோம். என்ஜினில் பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் அப்படி. இத்தனை ஆயிரம் சைக்கிள், ஒரு டேக் ஆஃபும் லேண்டிங்கும் சேர்ந்தால் ஒரு சைக்கிள், முடிந்ததும் பளபளவென்று இருந்தாலும் கழற்றி யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி வெட்டிப்போட்டுவிடுவோம். அதற்குள்ளேயும் ஏமாற்றலாம். 1989ல் அமெரிக்காவில் சூ சிட்டியில் விழுந்த டிசி-10ன் ஃபேன் டிஸ்க்குக்கு 18,000 சைக்கிள் ஆயுள், உடைந்தது 15,503ல். உலோகம் வார்த்தபோதே உள்ளே ஒரு குறை. அந்த டிஸ்க்கைக் கடைசியாகச் சோதித்தபோதே விரிசல் இருந்திருக்கிறது, பார்த்தவர் கண்ணில் படவில்லை. 112 பேர். நான் அந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். பச்சைச் சாயத்தை ஊற்றிக் காத்திருந்து, கழுவி, பவுடர் தூவி, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் விரிசல் ஒரு நூல் மாதிரி பச்சையாக மினுங்கும். கழுவியது சரியில்லை என்றால் எல்லா இடமும் மினுங்கும். நாற்பதாவது டிஸ்க்கைப் பார்க்கும்போது, மணி மூன்றே கால், டீயும் வரவில்லை என்றால், கண் பார்க்கும், மனசு பார்க்காது. காகிதத்தில் "கட்டாயம்" என்று எழுதியவனுக்கு அந்த மூன்றே கால் தெரியாது.

—

கணக்குப்பிள்ளை:

பெரியவரே, அந்த ஜாப் கார்டு வரியை அடித்தது யார், ஏன் என்று கேட்டால் கடைசியில் காசில்தான் வந்து நிற்கும், பந்தயம் கட்டுகிறேன். நட் ஸ்டாக்கில் இருந்ததா?

—

ஹேங்கர் பெரியவர்:

விசாரணையில் அதையும் நோண்டினார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் அந்த அசெம்பிளி இல்லை, ஆர்டரும் போடவில்லை. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

—

அம்பத்தூர் லேத்:

எல்லோருக்கும் நன்றி. மாமனாருக்கு ஸ்க்ரூ கதையைப் படித்துக் காட்டினேன். டிப்போவிலும் ஷிஃப்ட் மாறும்போது முந்தின ஆள் எழுதினதை அடிப்பது உண்டு என்று மட்டும் சொன்னார், வேறு பேசவில்லை. ஏர்போர்ட்டில் அவ்வளவு பேசின மனுஷன்.

ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. என் பட்டறையில் பெரிய லேத் இருபது வருடப் பழசு. ஆபரேட்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டான், கிராஸ் ஸ்லைடில் ப்ளே அதிகமாக இருக்கிறது, கை சக்கரம் கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் டூல் நகர்கிறது என்று. ஓடுகிற வரை ஓடட்டும் என்று நான்தான் விட்டிருந்தேன். இன்று காலையில் டயல் கேஜைப் பொருத்திப் பார்த்தேன், 46 தவ். யாரும் சாக மாட்டார்கள், ஷாஃப்ட் அளவு தவறும், அவ்வளவுதான், இருந்தாலும் கன்மெட்டல் நட் ஒன்று செய்யச் சொல்லிவிட்டேன்.

—

ஹேங்கர் பெரியவர்:

நட்டை மட்டும் மாற்றாதீர்கள் தம்பி, ஸ்க்ரூவையும் பாருங்கள். அடிக்கடி வேலை நடக்கும் நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கும், இரண்டு ஓரமும் புதுசாக இருக்கும். புது நட் ஓரத்தில் இறுகும், நடுவில் ஆடும். மூன்று இடத்தில் வைத்து அளந்து, மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள்.